வெள்ளியங்கிரி: ஏழு மலைகளும் 20 ரூபாய் பாட்டிலும்!

“ஏறையில இதோட அருமை தெரியாது கண்ணு, எறங்கையிலதான் தெரியும்.”

பூண்டி அடிவாரத்தில் என் கையில் மூங்கில் தடியைக் கொடுத்துச் சொன்னார் அந்தத் தாத்தா. பேரூர்ப் பக்கம் விவசாயம். வருடம் தவறாமல் மலையேறுகிறவர். முதல்முறை வந்த எனக்கு அவர்தான் வழித்துணை.

கோவைக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பூண்டி. பக்தர்களுக்கு வெள்ளியங்கிரி, தென்கயிலாயம். ஏழு மலைகளைக் கடந்தால், உச்சியில் பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கமாகக் காட்சி தருகிறார் ஈசன். பொதுவாக பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற அனுமதி.

அடிவாரத்தில் வனத்துறை சோதனை. என் தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி, 20 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால் பணம் வாபஸ்.

இரவில் ஏறத் தொடங்கினோம். முதல் மலையின் படிகளிலேயே மூச்சு வாங்கியது. வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை எனக் கடந்து போகப் போக, மரங்கள் குறைந்து புல்வெளி விரிந்தது. காற்று ஆளையே தள்ளியது. ஆறாவது மலையின் ஆண்டி சுனையில், அந்தக் குளிரிலும் பலர் முங்கி எழுந்தார்கள். ஏழாவது மலையில் விடிந்தது. காலுக்குக் கீழே மேகம், எதிரே ஈசன். வேண்டிக்கொள்ள நினைத்ததெல்லாம் மறந்துபோனது.

இறங்கும்போது முழங்கால் நடுங்கியது. பை கனத்தது. ‘20 ரூபாய்தானே, போகட்டும்’ என்று காலி பாட்டிலைப் புதரோரம் வைத்துவிட்டு நடந்தேன். தாத்தா திட்டவில்லை. தடியை ஊன்றி, சிரமப்பட்டுக் குனிந்து, அதை எடுத்துத் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

“இங்க ஊறுற தண்ணிதான் கண்ணு, நொய்யலா எங்க ஊருக்கு வருது.”

சுருக்கென்றது. நொய்யல் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். இங்குள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகின்றன. கோவை, திருப்பூர் வழியாகப் போய் காவிரியில் கலக்கும் இந்த நதியில், சமவெளிக்கு வந்ததும் கழிவுநீரையும் சாயக்கழிவையும் கலந்துவிட்டோம். அது சுத்தமாக இருக்கும் இடமே இந்த மலைதான். அங்கேயும் நான் குப்பை போடப் பார்த்திருக்கிறேன்!

பாட்டிலைக் கேட்டு வாங்கி, அடிவாரம் வரை நானே சுமந்து வந்தேன்.

நீங்களும் போய் வாருங்கள். இதய நோய், மூச்சுத்திணறல் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கொண்டுபோனதையெல்லாம் மறக்காமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அந்த மலைக்கு நாம் செய்யும் முதல் பூஜை அதுதான்.