எங்கள் கோவிலில் மூன்று காமிராக்கள்

நார்த்தாமலையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் பள்ளிக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவியர் மூவர் நாங்கள். மலையையும் குகைகளையும் விசயாலய சோழீச்சுரத்தையும் பார்க்க வெளியூரார் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். நாங்களோ ஞாயிறு விடிந்ததும் ஊரை விட்டுக் கிளம்பிப் பள்ளியை ஒட்டிய கோவிலுக்கு வருகிறோம். பூசைக்கு அரைமணி முன்பாகவே பாடகர் மேடையின் மூலையிலுள்ள மேசையின் முன் அமர்ந்துவிடுவோம். பூசை முடியும் வரை எங்கள் முழங்கால் தரையில் படுவதில்லை. இதைப் பற்றிச் சிலர் சிஸ்டரிடம் குறை சொன்னதும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாங்கள் சிறுமிகள். கோவில் கதவு அடைபட்டது. அம்மாதம் 27ஆம் நாள் மாலை, மழையில் நனைந்த புனித பேதுரு சதுக்கத்தில் ஆளே இல்லாமல் திருத்தந்தை பிரான்சிஸ் செபித்ததை உலகமே டெலிவிஷனில் கண்டது. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவும் அவ்வாண்டு திருப்பயணிகள் இன்றியே நடந்தது. எங்கள் கோவிலிலோ ஸ்டூலின் மேல் சாத்தி வைத்த ஒரு கைப்பேசிதான் காமிரா. அதில் பங்குத் தந்தை கட்டைவிரல் அளவு தெரிவார். பிரசங்கத்தைவிட மின்விசிறியின் சத்தம் நன்றாகக் கேட்கும்.

எனினும் அதையும் விடாமல் பார்த்தவர் எங்களுள் ஒருத்தியின் அப்பாயி. எங்கள் மூவருக்குமே அவர் அப்பாயிதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறு தவறாமல் நார்த்தாமலையிலிருந்து பேருந்தேறி வந்து, இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் அமர்ந்தவர். ஊரடங்கு முடிந்து கதவு திறந்தது; ஆனால் அப்பாயியின் முழங்கால் திறக்கவில்லை. இன்றும் அவருக்குக் கோவில் என்பது கைப்பேசிதான். அதுவும் மலை மறைவிலுள்ள எங்கள் தெருவில், திண்ணையின் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும்.

நோயாளிகள் இப்படிப் பூசை காண்பது புதிதன்று என்று சிஸ்டர் சொல்லித் தந்தார்கள். 1252ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அசிசி நகரத்துப் புனித கிளாரா எழுந்திருக்க இயலாமல் படுத்திருந்தாராம். புனித பிரான்சிஸ் கோவிலில் நடந்த வழிபாட்டை அவர் தம் படுக்கையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது வரலாறு. அதனால்தான் 1958இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை டெலிவிஷனின் பாதுகாவலியாக அறிவித்தார். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1948 டிசம்பர் 24 அன்று, பாரிசு நோத்ருதாம் பேராலயத்தின் நள்ளிரவுப் பூசை டெலிவிஷனில் ஒளிபரப்பாகியிருந்தது.

கைப்பேசிக்குப் பதிலாக இப்போது மூன்று காமிராக்கள் இருக்கின்றன. ஒன்று பாடகர் மேடையின் நடுவில், மற்ற இரண்டும் பீடத்திற்கு இருபுறமுள்ள தூண்களின் மேல். ஆள் அருகில் நிற்க வேண்டியதில்லை. ஒரே லேன் கேபிள் வழியாக மின்சாரமும் போகிறது, கட்டளையும் போகிறது. அந்தக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. எங்கள் கோவில் அவ்வளவு பெரிதில்லை. மேசை மேலுள்ள குச்சியைச் சாய்த்தால் காமிரா இடம் வலமாகத் திரும்பும், மேலும் கீழும் பார்க்கும். குச்சியின் தலையைத் திருகினால் 20 மடங்கு வரை நெருங்கிப் போகும். பீடம், வாசக மேடை, நற்கருணைப் பேழை, பாடகர் என்று இடங்களை எண்ணிட்டுக் காமிராவின் நினைவில் பதித்தும் வைக்கலாம். இதற்குப் ‘பிரீசெட்’ என்று பெயர். எண்ணை அழுத்தினால் போதும், தானே போய் நிற்கும். (கரண்டு போய்த் திரும்பினால் மூன்றும் தூக்கம் கலைந்தவர்போல் ஒருமுறை தலையைச் சுற்றிப் பார்க்கும். சிரிப்பை அடக்குவது கடினம்.)

பக்கத்துப் பெட்டி ‘சுவிட்சர்’. அதில் இரண்டு வரிசைப் பொத்தான்கள் உண்டு. ஒன்று வெளியே போய்க்கொண்டிருக்கும் படம், மற்றது அடுத்து அனுப்பப் போகும் படம். வெளியே போகும் காமிராவை அசைக்கவே கூடாது; அசைத்தால் வீட்டில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அடுத்த காமிராவை ஓசையின்றித் திருப்பி, நிறுத்தி, அதன் பின்பே மாற்ற வேண்டும். தொழில் முழுவதும் இவ்வளவுதான். சில சுவிட்சர்களில் காமிராவைத் திருப்பும் வசதியும் அதற்குள்ளேயே இருக்குமாம். எங்களுக்கோ குச்சி வேறு, சுவிட்சர் வேறு. குச்சி எந்தக் காமிராவைப் பிடித்திருக்கிறது என்பது சுவிட்சருக்குத் தெரியாது. அன்று எங்களுக்கும் தெரியவில்லை.

அது ஒரு திருநாள் பூசை. முதல் காமிரா பீடத்தைக் காட்டிக்கொண்டிருக்க, இரண்டாவதைப் பாடகர் பக்கம் திருப்ப ஆறாம் எண்ணை அழுத்தினோம். குச்சியோ முதல் காமிராவின் மேலேயே இருந்தது. எழுந்தேற்ற மணி ஒலித்த அதே நொடியில் பீடம் நழுவிப் போயிற்று. சுவர், ட்யூப்லைட், மின்விசிறி எல்லாம் வரிசையாக ஓடி, கடைசியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பாடகி ஒருத்தியின் முகத்தில் போய்ப் படம் நின்றது. எங்கள் கைகள் நடுங்கிவிட்டன. வேறு காமிராவுக்கு மாற்ற வேண்டும் என்பதுகூட எவருக்கும் தோன்றவில்லை.

மாலையில் அப்பாயி கேட்டார்: “ஏன் புள்ளைகளா, சாமியாரு நற்கருணையைத் தூக்கையில ஃபேனைக் காட்டுனீங்களே, அது கழண்டு விழப்போவுதுன்னா?”

அதன்பின் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். ஒருத்தி காமிராவின் எண்ணைச் சொல்வாள், குச்சி பிடிப்பவள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கை வைப்பாள். மணியடிக்கும் நேரத்தில் மூவரும் கைகளை மடியில் வைத்துக்கொள்வோம்.

அந்தத் தவறு சிரிப்போடு போயிற்று. மற்றொன்று அப்படிப் போகவில்லை. பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்யும் சடங்கில் ஒரு தாய் கண்ணீர் விட்டு அழுதார்கள். படம் உருக்கமாக இருந்ததால் தூணின் மேலிருந்த காமிராவை முழுதாக நெருங்கவிட்டோம். நன்றாக வந்தது என்று எங்களுக்குள் மகிழ்ச்சி வேறு. அடுத்த ஞாயிறு முதல் அந்த அம்மா தம் வழக்கமான இடத்தை விட்டு, எந்தக் காமிராவும் எட்டாத வலப்பக்கத் தூணின் மறைவில் போய் அமர்ந்தார்கள். எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேலே இருந்து பார்த்த எங்களுக்குத்தான் விளங்கிற்று. பங்குத் தந்தையிடம் சொன்னோம். அவர் திட்டவில்லை, 1963இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டை எடுத்து 20ஆம் எண்ணைக் காட்டினார். வழிபாட்டை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பரப்புவது அடக்கத்தோடும் மாண்போடும் நடக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று முதல் சனங்களின் முகத்தைக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். பீடம், வாசக மேடை, பேழை, மீண்டும் பீடம். மூன்று வாரம் சென்றது. அப்பாயி கோபித்துக்கொண்டார்.

“சாமியாரை எந்த டிவியிலயும் பாத்துக்கிடலாம். நம்ம கோவில்ல யாரு வந்தா, யாரு வரலன்னு ஒண்ணுமே தெரியலயே. அதுக்கு நான் வேற கோவில் பூசையே பாத்துட்டுப் போறேன்.”

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. முகத்தைக் காட்டினால் ஒருவருக்கு வருத்தம், காட்டாவிட்டால் இன்னொருவருக்கு வருத்தம். இரண்டு ஞாயிறு யோசித்துப் பார்த்து, மேடையின் நடுக் காமிராவில் ஒன்பதாம் எண்ணைப் பதித்தோம். பின்னாலிருந்து அகலமாகப் பார்க்கும் காட்சி அது. எங்கள் ஊர் மேலமலைப் பாறையில் நின்று பார்த்தால் வீடுகளின் கூரை மட்டும் தெரியுமே, அதுபோல முக்காடுகளும் தலைகளும் மட்டும் தெரியும். காணிக்கை நேரத்தில் அதைப் போடுகிறோம். அப்பாயிக்கு அது போதுமானதாக இருக்கிறது. முக்காடு போடும் தினுசைக் கொண்டே ஒவ்வொருவர் பெயரையும் சொல்கிறார். தம் மூன்றாவது பெஞ்சில் யார் உட்காருகிறார்கள் என்று வாராவாரம் விசாரிக்கிறார்.

சென்ற மாதம் போனில் அவர் கேட்டது இது: “வலப்பக்கத் தூணுக்குப் பின்னால யாருடி, முந்தானை மட்டும் தெரியுது?”

யாரோ, அப்பாயி, என்று சொல்லி வைத்தோம். மறு ஞாயிறு பூசைக்கு முன்பாக ஒன்பதாம் எண்ணை எடுத்து, காமிராவை ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளி, மறுபடியும் பதித்தோம். இப்போது அந்தத் தூண் படத்தில் வருவதில்லை. மூன்றாவது பெஞ்சு முழுதாக வருகிறது.