கையைக் கடிக்காத சிறுமலை... மலையை நாம் கடிக்காமல் இருந்தால்!

லீவு விட்டாச்சு. 'எங்கேயாவது போகலாம்' என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். போனைத் திறந்தால் துருக்கிக் கடற்கரை, நீலத் தண்ணீர், பாராசூட் என்று ரீல்ஸ் வந்து விழுகிறது. தலைப்பு என்னவோ 'பட்ஜெட் ட்ரிப்'தான். ஆனால், ஃப்ளைட் டிக்கெட் விலையைப் பார்த்ததும் போனை மூடி வைக்கத் தோன்றும். 'சரி, கொடைக்கானலாவது போவோம்' என்றால் சீசனில் ரூம் வாடகை எகிறிக் கிடக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. மொட்டை மாடியில் நின்றாலே அவர்களுக்கு ஒரு மலை தெரியும். ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். பெயரிலேயே 'சிறு' இருக்கிறது, செலவும் அப்படித்தான்.

துருக்கியின் மர்மாரிஸ் போன்ற கடலோர ஊர்களில் சிக்கனமாகச் சுற்றுகிறவர்கள் மூன்று விஷயங்களைச் செய்வார்கள். டாக்ஸிக்குப் பதில் 'டோல்முஷ்' என்கிற ஷேர் வேனில் ஏறுவார்கள். அந்தச் சொல்லுக்கே 'நிரம்பியது' என்றுதான் அர்த்தம். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ ஞாபகம் வருகிறதா? பெரிய ஹோட்டலை விட்டுவிட்டு, குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகளில் தங்குவார்கள். சாப்பிடும் பொருட்களை வாரச் சந்தையில் வாங்குவார்கள். இதனால் நம் செலவும் குறையும், கொடுக்கிற காசும் உள்ளூர்க்காரர் கைக்கே போகும். சிறுமலைக்கும் இதே ஃபார்முலாதான் மக்களே.

பஸ்ஸே போதும்

திண்டுக்கல் பெரிய ரயில் ஜங்ஷன். சென்னை, மதுரை, திருச்சி என எங்கிருந்து வந்தாலும் இறங்குவது சுலபம். பஸ் ஸ்டாண்டிலிருந்து சிறுமலைக்கு அரசு பஸ் போகிறது. டிக்கெட், ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசு அளவுக்குத்தான் வரும். அடிக்கடி பஸ் கிடையாது என்பதால் காலையிலேயே கிளம்புவது நல்லது. ஏறியதும் கண்டக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'அண்ணே, மேலேயிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' என்பதுதான்.

நத்தம் சாலை வழியாகப் போய் மலையேறத் தொடங்கினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் சீட் கிடைத்தால் அதுவே பாதி டூர். ஒவ்வொரு வளைவிலும் திண்டுக்கல் கீழே இறங்கிக்கொண்டே போகும். காற்று மாறுவது முகத்தில் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே கத்திரி வெயில் கொளுத்தும்போது அந்த 6 டிகிரி பெரிய விஷயம். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு வயிறு முட்ட ஊட்டாமல் ஏற்றுங்கள்.

மேலே என்ன இருக்கிறது?

உண்மையைச் சொல்லிவிடலாம். கொடைக்கானல் மாதிரி பெரிய ஏரி, குதிரை சவாரி, சாக்லேட் கடைகள் எல்லாம் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. உயரமும் கொடைக்கானலில் ஏறக்குறைய பாதிதான். ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுக்கிற குளிர் எல்லா நாளும் இருக்காது. கொடைக்கானல் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில். சிறுமலையோ கிழக்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் நிற்கும் ஒரு துண்டு.

வளைவுகள் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் காட்சிமுனை. அங்கிருந்து பார்த்தால் சமவெளி விரித்த பாய் மாதிரி கிடக்கும். அதைத் தாண்டினால் சின்னதாக ஓர் ஏரி. அப்புறம் பழையூர், புதூர், தென்மலை என்று சின்னச் சின்ன ஊர்கள். அகஸ்தியர்புரத்திலிருந்து ஏறினால் வெள்ளிமலை சிவன் கோயில். கொஞ்சம் மூச்சு வாங்கும் ஏற்றம்தான். தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்களைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு இளவட்டங்கள் மட்டும் ஏறலாம். சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிப் போனபோது விழுந்த துண்டுதான் சிறுமலை என்று ஊரில் ஒரு கதை உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

தோட்டங்களுக்குள் வண்டி போகாத பாதைகள் நிறைய. எலுமிச்சை, பலா, வாழைத்தார் எல்லாம் குதிரை முதுகில் ஏறித்தான் ரோட்டுக்கு வருகின்றன. இங்கே குதிரை சவாரிக்கு அல்ல, வேலைக்கு. அங்கிருந்து சரக்கு திண்டுக்கல்லில் உள்ள 'சிறுமலை செட்' சந்தைக்கு இறங்கும்.

ஒரு வாழைப்பழத்தின் கதை

சிறுமலைக்குப் போய் மலை வாழைப்பழம் வாங்காமல் வந்தால் ட்ரிப் கணக்கில் சேராது. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே பழம் கெட்டியாக, இனிப்பாக இருக்கும். நீர்ச்சத்து குறைவு என்பதால் சீக்கிரம் கெடாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு மலை வாழைப்பழம் தேடுவதற்குக் காரணமும் அதுதான்.

இந்தப் பழம் ஒருமுறை நம் கையை விட்டே போகப் பார்த்தது. 1970-களில் முடிக்கொத்து நோய் பரவி, விருப்பாட்சி, சிறுமலைப் பக்கத்துத் தோட்டங்கள் அழிந்தன. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் இது. தாக்கிய மரத்தில் இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. மரத்தை வெட்டி அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு மூலம் நோயில்லாத கன்றுகளை உருவாக்கிக் கொடுத்தது. 2008-09-ல் விருப்பாட்சி, சிறுமலை மலை வாழைப்பழங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பேரம் பேசும்போது அந்தச் சீப்புக்குப் பின்னால் இவ்வளவு கதை இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழே தங்கலாம், மேலே சாப்பிடலாம்

மேலேயும் தங்க இடங்கள் உண்டு. ஆனால், பட்ஜெட் இடித்தால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள சாதாரண லாட்ஜ்களே போதும். இரண்டாம் நாள் காலையில் வெயில் ஏறும் முன் மலைக்கோட்டை. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைகளுக்கும் போனது. மத்தியானம் சீரக சம்பா பிரியாணி. கிளம்பும்போது ஒரு பூட்டு வாங்கலாம். திண்டுக்கல் பூட்டுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

நான்கு பேர் குடும்பம், திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஒரு நாள் என்றால் இப்படி ஒதுக்குங்கள்:

பஸ், போக வர: 300 ரூபாய்
டிபன், மதியச் சாப்பாடு, டீ: 800 ரூபாய்
பழம், எலுமிச்சை, மிளகு: 400 ரூபாய்

மொத்தம் 1,500 ரூபாய். இதில் ஒரு சின்ன நிபந்தனை. சாப்பாட்டுக் காசையும் பழக் காசையும் மலையிலேயே செலவழியுங்கள்.

ஏன் என்கிறீர்களா? புளியோதரை முதல் சிப்ஸ் பாக்கெட், வாட்டர் பாட்டில் வரை எல்லாவற்றையும் கீழேயே வாங்கிக்கொண்டு காரில் ஏறி, வியூ பாயின்ட்டில் செல்ஃபி எடுத்து, குப்பையை வளைவில் தள்ளிவிட்டு இறங்குகிற ட்ரிப் நமக்கு மலிவுதான். அந்த ட்ரிப்பில் மலைக்குக் கிடைப்பது குப்பை மட்டும். நாம் போட்ட கவரை மேய்வது அங்கே திரியும் காட்டுமாடுகள். உடைந்த பாட்டிலை மிதிப்பது மூட்டை சுமக்கும் குதிரை. அணைக்காமல் எறிந்த ஒரு பீடித் துண்டு போதும், கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ள. சிறுமலைக் காட்டில் தீ பிடிப்பது கோடைக்குக் கோடை வரும் செய்தி. இந்த மலையில் விழும் மழைதான் சந்தனவர்த்தினி ஆறாகவும், மதுரைப் பக்கம் சாத்தையாறு அணைக்கு வரும் தண்ணீராகவும் கீழே இறங்குகிறது. காடு கருகினால் அதன் பில் சமவெளிக்கும் வரும்.

ஆகவே, வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டிலும் ஒரு மஞ்சப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாடு முழுக்கத் தடை. குப்பையைப் பையில் போட்டுத் திண்டுக்கல்லுக்கே கொண்டுவந்துவிடுங்கள். அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டாம். காட்டுமாட்டைப் பார்த்தால் கிட்டே போய் வீடியோ எடுக்க வேண்டாம். அது பார்க்கத்தான் சாது. பாட்டு கேட்க ஆசையென்றால் ஹெட்போன் இருக்கிறது.

பனி பார்க்க ஆசையா, டிசம்பர், ஜனவரி காலைகளில் போங்கள். பலாப்பழ வாசனை வேண்டுமா, மே, ஜூன். எப்போது போனாலும் திரும்பும்போது ஒரு சீப்பு மலை வாழையும் பத்து எலுமிச்சையும் மஞ்சப்பையில் இருக்கட்டும். அந்த எலுமிச்சையை ஊறுகாய் போட்டால் அடுத்த லீவு வரை ட்ரிப் வீட்டிலேயே இருக்கும்.