இருட்டில் ஒளிரும் சோதனைக் குழாயும், ஒரு நல்ல பிரிண்ட்டைத் தேடிய கதையும்

இன்றைய பதிவில் மருத்துவம் பாதி, சினிமா பாதி. கொஞ்சம் நீளம். நைட் டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950-ல் வந்த ஹாலிவுட் கருப்பு வெள்ளைப் படம் 'டி.ஓ.ஏ.' டெட் ஆன் அரைவல் என்பதன் சுருக்கம். நம்ம ஊர் கேஷுவாலிட்டியில் 'பிராட் டெட்' என்று எழுதுவோமே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு ஆள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, ஒரு கொலையைப் பற்றிப் புகார் கொடுக்கணும் என்கிறான். யாரைக் கொன்றார்கள் என்று கேட்டால், தன்னைத்தான் என்கிறான். அவனுக்கு யாரோ விஷம் கொடுத்துவிட்டார்கள். நன்றாக நடக்கிறான், பேசுகிறான், சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் தலைதெறிக்க ஓடுகிறான். ஆனால் காப்பாற்ற வழி கிடையாது.

இந்த மாதிரிப் படங்களை 'ஃபிலிம் நுவார்' என்பார்கள். 1940, 50களின் குற்றக் கதைகள். திரையில் பாதி எப்போதும் இருட்டு. 1954-ல் பாட்டே இல்லாமல் வந்த நம் 'அந்த நாள்' படத்தின் நிழல்களைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

நான் இதை முதலில் பார்த்தது ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது. ஹாஸ்டலில் நண்பனின் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது. அந்த வாரம் வார்டில் எலி பேஸ்ட் உள்ளே போன ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், டிஸ்சார்ஜ் பண்ணி விட்ருங்க" என்றார். நிஜமாகவே அப்போது அவருக்கு ஒன்றும் இல்லை. எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் அப்படித்தான். முதல் நாள் வாந்தி, வயிற்று வலி. பிறகு ஓரிரு நாள் ஆள் தெம்பாக இருப்பார். அதற்குப் பிறகுதான் கல்லீரல் விழ ஆரம்பிக்கும். (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலி பேஸ்ட் யார் வாயில் எவ்வளவு பட்டிருந்தாலும், ஆள் எவ்வளவு தெம்பாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மனசு சரியில்லை என்றால் 104-க்குக் கூப்பிடுங்கள்.)

அவருடைய மனைவியிடம் விஷயத்தைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எதிரே ஆள் நன்றாக உட்கார்ந்திருக்கிறார். எப்படிச் சொல்வது? உளறினேன். ஐந்தாம் நாள் அவர் இறந்தார்.

படத்திலும் அதே கட்டம் வருகிறது. ஒரு இடத்தில் டாக்டர்கள் சொன்னதை நம்பாமல் அந்த ஆள் இன்னொரு மருத்துவமனைக்கு ஓடுகிறான். விஷம் இருட்டில் ஒளிரும் வகை. விளக்கை அணைத்துச் சோதனைக் குழாயைக் காட்டுகிறார்கள். பாஸ்பரஸும் இருட்டில் ஒளிரும் பொருள்தான். படம் அந்த விஷத்துக்குத் தெளிவான பெயர் சொல்வதில்லை. ஆனால் எனக்கு அது எங்கள் வார்டு மாதிரியே இருந்தது. ஒரு டாக்டர் இதை எப்படிச் சொல்கிறார், அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் துடித்தேன்.

பார்க்க முடியவில்லை! விளக்கை அணைத்ததும் திரை முழுக்கத் தார் பூசின மாதிரி ஆகிவிட்டது. நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. டாக்டருக்கு முகமே இல்லை.

லேப்டாப் சரியில்லை என்று நினைத்தேன். இல்லை, பிரிண்ட் சரியில்லை. அது ஏன் என்று பிறகு ஒரு எக்ஸ்ரேதான் எனக்குப் புரிய வைத்தது.

பைக்கில் இருந்து விழுந்த ஒரு பையன். நெஞ்சு எக்ஸ்ரேயை போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பார்த்துவிட்டு "நார்மல்" என்று பதில் போட்டேன். போய்ப் பார்த்தால் பையனுக்கு மூச்சு வாங்குகிறது. ஃபிலிமை வாங்கி வியூ பாக்ஸில் மாட்டினேன். நுரையீரலின் மேல் ஓரத்தில் முடி கனத்தில் ஒரு கோடு. அதற்கு வெளியே காற்று. நிமோதோராக்ஸ். நல்லவேளை, நேரத்துக்குக் குழாய் போட்டுக் காற்றை வெளியே எடுத்தோம். போன் படத்தில் அந்தக் கோடு கிடையவே கிடையாது. நகலெடுக்கும்போது முதலில் சாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள். எங்களுக்கு நோய் தெரிவதும் அங்கேதான், நுவார் படத்தில் கதை நடப்பதும் அங்கேதான்.

டி.ஓ.ஏ.க்கு நடந்தது இதுதான். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்துக்குப் பதிப்புரிமை முதலில் 28 வருடம். பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்தப் படத்துக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. அப்படியானால் யார் வேண்டுமானாலும் விற்கலாம். விற்றார்கள். டிவிக்காகப் போட்ட 16 எம்எம் பிரதி, அதில் இருந்து வீடியோ டேப், அதில் இருந்து மலிவு டிவிடி. நகலின் நகல். எல்லாருக்கும் சொந்தமான படத்தை நல்லபடி பாதுகாக்க யாருக்கும் அவசியம் இல்லை.

எட்கர் உல்மரின் 'டீடூர்' (1945) கதியும் அதேதான், பல வருடங்களுக்கு. பிறகு பெல்ஜியம் ஆவணக் காப்பகத்தில் ஒரு நல்ல நைட்ரேட் பிரிண்ட் கிடைத்தது. ஆனால் அதில் சப்டைட்டில் எழுத்துகள் படத்தோடு பதிந்திருந்தன. அந்த எழுத்துகளை டிஜிட்டலில் அழித்துத்தான் 2018-ல் மீட்டார்கள். 2019-ல் கிரைட்டீரியன் ப்ளூ-ரே வந்தது. 'டூ லேட் ஃபார் டியர்ஸ்' (1949) இன்னொன்று. பணப்பை ஒன்று காருக்குள் வந்து விழும், அதோடு ஒரு குடும்பம் காலி. அதை ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷன்காரர்கள் வருடக்கணக்கில் தேடி, பிரான்சில் இருந்த டியூப் நெகட்டிவின் உதவியோடு மீட்டார்கள். 2016-ல் டிஸ்க் வந்தது.

அதனால் வாங்கும்போது அட்டையில் இருக்கும் 'எச்டி', 'ரீமாஸ்டர்டு' வார்த்தைகளை நம்பாதீர்கள். மோசமான டேப்பைக்கூட எச்டி ஆக்கலாம். எதில் இருந்து ஸ்கேன் செய்தார்கள், யார் மீட்டெடுத்தார்கள் என்று பாருங்கள். நெகட்டிவ், 35 எம்எம், ஆவணக் காப்பகத்தின் பெயர் என்று ஏதாவது இருந்தால் நம்பலாம். ஒன்றுமே சொல்லாமல் பத்துப் படத்தை ஒரே டிஸ்க்கில் திணித்திருந்தால் காசைப் பையிலேயே வையுங்கள். டிவிடி பீவர் தளத்தில் வெவ்வேறு டிஸ்க்குகளின் காட்சிகளை அடுத்தடுத்துப் போட்டிருப்பார்கள். அதில் முகத்தைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். கருப்புக் கோட்டில் துணி மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

படத்தில் மணல் மாதிரி புள்ளிகள் ஓடினால் அது குறை இல்லை, அதுதான் ஃபிலிம். அதை வழித்து எடுத்துவிட்டால் நடிகர்கள் மெழுகு பொம்மை ஆகிவிடுவார்கள். 1953-க்கு முந்தைய ஹாலிவுட் படம் உங்கள் அகல டிவியை முழுசாக நிரப்பினால், தலையையோ காலையோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை இருப்பதுதான் சரி.

இன்னொரு வயிற்றெரிச்சல் ரீஜன் கோடு. ப்ளூ-ரேவில் இந்தியா சி, அமெரிக்கா ஏ, இங்கிலாந்து பி. நான் ஆசையாக வரவழைத்த முதல் டிஸ்க் என் பிளேயரில் ஓடவே இல்லை. 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் அதற்குத் தனி பிளேயர் வேண்டும். கிரைட்டீரியன் ப்ளூ-ரே விலை 39.95 டாலர். மேலே தபால், கஸ்டம்ஸ். வீட்டில் பில்லைக் காட்டுவதில்லை.

டி.ஓ.ஏ.வின் ஒரு நல்ல பிரதி போன மாதம்தான் கைக்கு வந்தது. டிவியில் எல்லா 'ஸ்மூத்' செட்டிங்கையும் அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தனியாகப் பார்த்தேன். அந்தக் கட்டம் வந்தது. அறை இருண்டது. இந்த முறை இருட்டுக்குள் எல்லாம் இருந்தது. சுவர், வெள்ளைக் கோட், குழாயைப் பிடித்த கை. குழாய்க்குப் பின்னால் டாக்டரின் முகம்.

நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். அவர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. உளறவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொல்கிறார், அந்த ஆள் கேட்பதற்குப் பதில் சொல்கிறார். அவ்வளவுதான்.

நான் அந்த அம்மாவிடம் என்னென்னவோ சொன்னேன்.