மடுவில் மூன்று இரவுகள்

‘முகாம்’ என்னும் சொல்லை எம் நாட்டுத் தமிழர் இன்பத்தோடு உச்சரிப்பதில்லை. மேலைநாட்டார் விடுமுறைக் காலத்தில் காட்டோரத்திலும் கடலோரத்திலும் கூடாரம் அடித்துத் தங்குவதை உல்லாசம் என்பர். எமக்கோ தறப்பாளும் கயிறும் வேறு நினைவுகளுக்கு உரியவை. ஆயினும், விரும்பிச் சென்று கூடாரத்தில் தங்கும் வழக்கமொன்று எம்மிடையே நெடுங்காலமாக உண்டு. மருதமடு அன்னையின் ஆவணித் திருவிழாவுக்குச் செல்லும் குடும்பங்கள் காட்டு மரங்களின் கீழே தறப்பாள் கட்டி, கல்லடுப்பு மூட்டிப் பல நாள் தங்குவதே அது. பாலையூற்றிலிருந்து நாங்களும் ஏழு பேராய் அவ்வாறு ஒருமுறை சென்றோம். ஏழாமவனுக்கு வயது ஒன்றும் எட்டு மாதமும்.

அவன் என் அக்காவின் மகன். எங்கள் வழக்கில் எனக்குப் பெறாமகன். பெறாமலே மகனாக்கிவிடும் இச்சொல்லின் அருமையையும் பாரத்தையும் அந்த மூன்று இரவுகளில் நான் நன்கு அறிந்தேன்.

பிள்ளையை மடுவுக்குக் கொண்டுவருவேன் என்பது அக்காவின் நேர்த்தி. அம்மம்மா மட்டும் வர மறுத்தார். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது திருகோணமலையை விட்டுக் கிளம்பிய எங்கள் குடும்பம், பல்லாயிரவரோடு மடுக் கோயில் வளவில் அடைக்கலம் புகுந்திருந்தது. அதன்பின் அவர் அந்த மண்ணை மிதித்ததில்லை. “திரும்பவும் தறப்பாளுக்குள்ளேயோ?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பூட்டப்பிள்ளையை எங்களை நம்பி அனுப்ப மனமில்லாமையால் இறுதியில் வானில் ஏறினார்.

ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவை அடைந்து, மன்னார் வீதியில் திரும்பி மடுவுக்குச் செல்லும் பாதையைக் குழந்தையோடு செல்வோர் மணித்தியாலக் கணக்கில் அளப்பது வீண். வாந்திக் கணக்கில் அளப்பதே பொருத்தம். எங்கள் பயணம் நான்கு வாந்தித் தொலைவு.

அப்பாவும் அத்தானும் தறப்பாளை நான்கு முறை கட்டி நான்கு முறையும் அவிழ்த்தனர். ஐந்தாம் முறை அம்மம்மா கயிற்றை வாங்கிக்கொண்டார். காற்று வரும் திசையைப் பார்த்தார், முடிச்சுகளை இறுக்கினார், தாழ்ந்த பக்கத்தில் மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்காலும் வெட்டுவித்தார். மழையில்லாத ஆவணியில் வாய்க்கால் எதற்கு என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

மின்விசிறியின் ஓசையையே தாலாட்டாகக் கொண்டு வளர்ந்த பிள்ளைக்குக் காட்டின் அமைதி ஒவ்வவில்லை. அமைதி என்று நான் எழுதுவதும் மிகை; ஒலிபெருக்கியும், அயற் கூடாரத்தவர் பேச்சும், நுளம்பும் இருந்தன. நள்ளிரவு கடந்தும் அவன் அழுகை ஓயாமை கண்டு அம்மம்மா தம் பழைய சேலையொன்றை மரக்கிளையில் ஏணையாகக் கட்டினார். கால் மணிநேரத்தில் உறங்கிவிட்டான். நாங்கள் கொண்டுசென்றிருந்த விலையுயர்ந்த மடிப்புக் கட்டில் அதன்பின் மரக்கறி வைக்கப் பயன்பட்டது.

மறுநாட் காலை அவனுடைய பொற்காலம். மணல் அவனுக்கு, குரங்குகள் அவனுக்கு, குழாயடியும் அவனுக்கே. குரங்கொன்று அவன் கையிலிருந்த பணிசைப் பறித்தபோது அழாமல் மற்றக் கையையும் நீட்டினான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த வேளையில் வாய் நிறைய மண் தின்றுவிட்டான். மடு மண் நச்சுக்கடிக்கு மருந்தென்பது அடியார் நம்பிக்கை. பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுசெல்வோர் பலர். “மாதாவின்ர மண்தானே!” என்று அயற் கூடாரத்து மூதாட்டி தேற்றினார். அக்கா தேறவில்லை.

மண்ணாலோ, நீராலோ, வெயிலாலோ, அன்று மாலை வயிற்றோட்டம் தொடங்கிற்று. இரவு பத்து மணிக்குள் ஆறு முறை போயிற்று. திருவிழா மருத்துவ நிலையத்தில் பிள்ளையைப் பார்த்து, ஜீவனிப் பொட்டலங்கள் தந்து, கண் குழிந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே கொண்டுவரச் சொன்னார்கள். உடனே வீடு திரும்புவோம் என்றார் அத்தான். யானை நடமாடும் பாதையில் இரவில் வேண்டாம் என்றார் அப்பா. குரல்கள் உயர்ந்தன. அம்மம்மா ஒன்றும் பேசாது அடுப்பை மூட்டினார். நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஒரு லீற்றர் அளந்து பொட்டலத்தைக் கரைத்தார். பிள்ளையை மடியிற் கிடத்தி, தேக்கரண்டி தேக்கரண்டியாக விடியும்வரை பருக்கினார். கக்கினால் சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்குவார். ஒவ்வொரு கரண்டியையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

எண்ணுவது ஏன் என்று கேட்டேன்.

“அப்ப தண்ணிக்கே வரிசை, பிள்ளை. விறகு கிடைச்சாப் பானை இல்லை. மூண்டாம் நாள் அவன் குடிக்கேல்லை.”

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பதினான்கு மாதக் குழந்தை. அம்மா தறப்பாளின் மறுகோடியில் விழித்தே கிடந்தார்; திரும்பவில்லை.

பின்னர் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு செய்தி படித்தேன். 1971 இல், கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, பன்காவ்னில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனமையால், குளுக்கோசும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளரின் உறவினர் கையாலேயே பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கிற்று. ஒரு முகாமிலே மெய்ப்பிக்கப்பட்ட அறிவு பத்தொன்பது ஆண்டுகளின் பின்பும் இன்னொரு முகாமில் ஒரு பிள்ளையை எட்டாமற் போயிற்று. அறிவு இருந்தாலும் நல்ல நீரும் பானையும் வேண்டுமன்றோ? அந்த மண் அதன் பின்னும் ஆறவில்லை. 1999 நவம்பர் 20 இல் எறிகணை வீழ்ந்து கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர்; 2008 ஏப்ரலில் அன்னையின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அதே ஆண்டில் மீண்டு வந்தது.

பதினான்காந் தேதி விடியலில் பிள்ளை சிறுநீர் கழித்தான். அந்தச் செய்தி எங்கள் கூடாரத்தில் பெற்ற வரவேற்பை எந்தத் தேர்வு முடிவும் பெற்றதில்லை. நண்பகலில் கஞ்சி குடித்தான். மாலையில் செருப்பை அடுப்புக்குள் போட்டான்.

அன்று வேஸ்பர் ஆராதனைக்குக் கூட்டம் திரண்டபோது, அம்மம்மா என்னையும் பிள்ளையையும் எதிர்த்திசையில் அழைத்துச் சென்றார். ஒரு பாலை மரத்தைத் தேடினார். அதுதான் அடையாளமாம். அங்கே பார்க்குமிடமெல்லாம் பாலை மரங்கள். முப்பது ஆண்டுக்கு மேலாக அவை வளர்ந்துமிருந்தன. நெடுநேரம் நடந்தபின், “இதாய் இருக்கட்டும்” என்று ஒரு மரத்தடியில் நின்று, சருகைக் காலால் ஒதுக்கி, மெழுகுதிரியை ஏற்றினார்.

என் இடுப்பிலிருந்து வழுகி இறங்கிய பிள்ளை, தன் முதற் பிறந்தநாளை எண்ணினான் போலும், குனிந்து ஊதி அணைத்துவிட்டுக் கைதட்டினான். நான் பதறினேன். அம்மம்மா அவனைப் பார்த்தார், பிறகு சிரித்தார். மீண்டும் ஏற்றினார், அவன் மீண்டும் ஊதினான். தீப்பெட்டியில் இருந்த ஏழெட்டுக் குச்சிகளும் தீரும்வரை இருவரும் அதையே செய்துகொண்டிருந்தனர்.