காகாவின் காது

ஹாம் ரேடியோக்காரர்கள் யாராவது இறந்துபோனால் காலமானார் என்று சொல்ல மாட்டார்கள். 'சைலண்ட் கீ' என்பார்கள். கீ என்றால் இங்கே சாவி இல்லை, மோர்ஸ் தந்தி அடிக்கிற கருவி. அது இனிமேல் தட்டாது என்று அர்த்தம். எங்கள் காகா 2021 ஏப்ரலில் சைலண்ட் கீ ஆனார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து, நாலு வரியில் எழுந்து போயிருக்கிறேன். இன்றைக்கு எப்படியும் முடித்துவிடுவது என்று இருக்கிறேன்.

காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. ஊரிலிருந்து போனில் பேசும்போது, "நேத்து காகா வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றால், "காக்காவுக்கு ஏதுடா வீடு?" என்று அம்மா கேட்பாள். சொந்தம் எதுவும் கிடையாது. நான் தஞ்சாவூர்ப் பக்கம், அவர் சதாசிவ் பேட்டையில் பிறந்து வளர்ந்த அசல் புனேக்காரர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் 2003-ல் வேலைக்கு இங்கே வந்த புதிதில், திலக் ரோடு பக்கம் ஒரு பழைய வீட்டு மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி பெரிய ஆண்டெனா ஒன்றைப் பார்த்துவிட்டு, கீழே நின்றிருந்தவரிடம் "இதில் எந்த சேனல் வரும்?" என்று கேட்டேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லா தேசமும் வரும், மேலே வா" என்றார். அன்றைக்கு ஏறிய மாடிப்படிதான். பதினேழு பதினெட்டு வருஷம் ஏறி இறங்கினேன்.

அவர் பெயரையோ கால் சைனையோ இங்கே எழுதப் போவதில்லை. காகு (அவர் மனைவி) வேண்டாம் என்றார்.

ஹாம் ரேடியோ தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. மத்திய அரசு நடத்தும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே உலகத்தோடு வயர்லெஸ்ஸில் பேசுவது. வியாபாரம் பேசக்கூடாது, காசு வாங்கக்கூடாது. சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், பத்து மீட்டர் கம்பியை மாடியில் கட்டிவிட்டு 20 மீட்டர் அலைவரிசையில் ஐரோப்பாவோடு பேசிவிடலாம். நமக்கென்று ஓர் அடையாளம் தருவார்கள், அதுதான் கால் சைன். இந்தியாவில் பெரும்பாலும் விக்டர், யூனிஃபார்ம் என்று தொடங்கும்.

இதில் காகாவின் பைத்தியம் காண்டெஸ்ட். பெரிய போட்டி சிக்யூ வேர்ல்ட் வைட். 1948-லிருந்து நடக்கிறது. அக்டோபர் கடைசி வார இறுதியில் குரல், நவம்பர் கடைசி வார இறுதியில் மோர்ஸ். நம் நேரத்துக்கு சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கி திங்கள் காலை ஐந்தரைக்கு முடியும். 48 மணி நேரத்தில் எத்தனை பேரோடு, எத்தனை நாடுகளோடு பேசுகிறோம் என்பதுதான் கணக்கு. பேச்சு என்றால் பெரிய பேச்சில்லை. அவர் கால் சைன், என் கால் சைன், "59", மண்டல எண். நாம் 22, இலங்கையும் நேபாளமும்கூட அதேதான். நன்றி, அடுத்தவர். மொத்தம் பத்து விநாடி. ஐரோப்பாக்காரருக்கு மூன்று புள்ளி, ஜப்பான்காரர் நம் ஆசியா என்பதால் ஒன்று. இந்தியாவிலிருந்து கலந்துகொள்பவர்கள் குறைவு, அதனால் நம் குரல் கேட்டதும் திருப்பதி தரிசன வரிசை மாதிரி மொய்ப்பார்கள். ஒரே சமயத்தில் ஐம்பது பேர் கத்துவார்கள். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவனை உருவி எடுக்க வேண்டும்.

"இதனால் என்ன லாபம்?" என்று என் மனைவி முதல் வருஷமே கேட்டாள். நியாயமான கேள்வி. கோப்பை உண்டா, ஒரு காகிதச் சான்றிதழ்தான். நாற்பது வயசு ஆள் ரெண்டு ராத்திரி தூங்காமல் "நைன்... நைன்..." என்று கத்துவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

காகா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் "ஆதி ஐக்". முதலில் கேள். ஆதி நமக்கும் தெரிந்த சொல் என்பதால் மனசில் சட்டென்று ஒட்டிக்கொண்டது. மைக்கை அமுக்குவதற்கு முன்னால் கேள். யார் இருக்கிறார்கள், யார் பலவீனமாகக் கூப்பிடுகிறார்கள், யார் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்கள் என்று கேள். சத்தமாகக் கூப்பிடுகிறவனை யாரும் எடுத்துவிடலாம், முனகுகிறவனை எடுப்பதுதான் வேலை என்பார்.

2004 டிசம்பரில் இது எனக்கு வேறு மாதிரி புரிந்தது. ஹாம்கள் வருஷக்கணக்காக ஏங்கிக்கிடந்த அந்தமானுக்கு அனுமதி கிடைத்து, பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத்திலிருந்து ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. உலகமே அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. காகாவும் பேசிவிட்டு, பேரன் பிறந்த மாதிரி எல்லோருக்கும் சொன்னார். டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு பூகம்பம், பின்னாலேயே சுனாமி. விளையாட்டாகப் போயிருந்த அதே குழு, அதே ரேடியோவை வைத்துக்கொண்டு செய்தி அனுப்ப உட்கார்ந்துவிட்டது. எனக்கு நாகப்பட்டினத்தில் சொந்தம் உண்டு. சாயந்திரம் வரை போன் கிடைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காகா வீட்டுக்கு ஓடினேன். அவர் ஹெட்போனோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "கூப்பிடுங்கள், ஏதாவது கேளுங்கள்" என்றேன். "இப்போது நாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் உதவி" என்று ஒரு காது ஹெட்போனை என்னிடம் நீட்டினார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது, எல்லோரும் பத்திரம் என்று. அதுவரைக்கும் அந்த மனிதர் என்னோடு உட்கார்ந்திருந்தார், காகு கொடுத்த டீகூட ஆறிப்போயிருந்தது.

அடுத்து 2008. அந்த வருஷம் குரல் போட்டி முடிகிற திங்கட்கிழமை, அக்டோபர் 27, நமக்குத் தீபாவளி. எண்ணெய்க் குளியலுக்கு வந்துவிடுவேன் என்று வீட்டில் சத்தியம் பண்ணிவிட்டுப் போயிருந்தேன். அது சூரியப் புள்ளிகள் குறைந்த காலம், மேல் அலைவரிசைகள் செத்துக்கிடந்தன. விடிகாலை மூன்று மணிக்கு 40 மீட்டரில் யாரோ ஒருவர் மிக மெலிதாகக் கூப்பிட்டார். முன்பாதி கேட்டது. எங்கள் கணக்கில் அதுவரை வராத நாடு. கடைசி எழுத்து மட்டும் பிடிபடவில்லை. காகா மூன்று தடவை திருப்பிக் கேட்டார். அதற்குள் அலை இறங்கி ஆள் காணாமல் போய்விட்டார்.

போட்டி மென்பொருளில் ஒரு வசதி உண்டு. நாலு எழுத்துத் தட்டினால், சமீபத்திய போட்டிகளில் அடிக்கடி கேட்ட கால் சைன்களின் பட்டியலைப் பார்த்து, இவராக இருக்கலாம் என்று காட்டும். சூப்பர் செக் பார்ஷியல் என்று பெயர். அன்றைக்கும் காட்டியது. ஒரே ஒரு பெயர்தான். எண்டரைத் தட்டினால் போதும், புது நாடு. காகா தட்டவில்லை. எழுதியதையும் அழித்தார்.

"அவராகத்தானே இருக்கும்?" என்றேன்.

"இருக்கலாம். ஆனால் அது பெட்டி சொன்னது. என் காது சொல்லவில்லை."

ஐந்தரைக்குப் போட்டி முடிந்ததும், டீ குடித்துக்கொண்டே தானாகச் சொன்னார். 1993 செப்டம்பர் 30, லாத்தூர் பூகம்பம். கணபதி விசர்ஜனம் முடிந்து ஜனங்கள் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்த விடிகாலை, நாலு மணிக்குச் சற்று முன்னால். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் அப்படியே தூங்குகிறவர்கள் மேல் இறங்கின. சுமார் 10,000 பேர் போனார்கள். காகா ரெண்டு நண்பர்களோடு ஒரு ரேடியோவையும் லாரி பேட்டரியையும் தூக்கிக்கொண்டு கில்லாரி பக்கம் போயிருக்கிறார். வேலை இதுதான்: காகிதத்தில் இருக்கிற பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக ஆல்ஃபா, பிராவோ என்று சொல்லி அனுப்புவது. இந்தப் பக்கம் புனேயில் ஒருவர் எழுதிக்கொண்டு, காத்திருக்கும் உறவுக்காரர்களிடம் படிப்பார்.

"ஒரே ஊரில் ஒரே குடும்பப் பெயர் எத்தனை பேர் தெரியுமா? அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறினால் போதும், உயிரோடு இருக்கிறவனுக்கு இன்னோர் ஊரில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். செத்தவன் வருவான் என்று ஒருத்தி வாசலில் உட்கார்ந்திருப்பாள். பத்து நாள் அந்த வேலை பார்த்தேன். அதற்கப்புறம் கேட்காததை எழுத எனக்குக் கை வராது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காகு ஒரு டப்பாவில் சக்லியும் சிவ்டாவும் கட்டிக்கொடுத்தார். (சக்லி நம் முறுக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி.) பைக்கில் கோத்ரூட் திரும்பும்போது வழியெல்லாம் ஆகாசக் கந்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியிடம் அவள் கேள்விக்கு பதில் அன்றைக்குத்தான் சொன்னேன். முகம் தெரியாத ஒருவன் தன் பெயரை ஒரே ஒரு தடவை, மூச்சுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் சொல்லும்போது, அதைத் தப்பில்லாமல் வாங்கிக்கொள்ளப் பழகுவது. லாபம் அவ்வளவுதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அதற்கடுத்த வருஷத்திலிருந்து போட்டி ராத்திரிக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்தாள்.

2021 ஏப்ரலில் புனே எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. கடைசியாகப் போனில் பேசும்போது மூச்சு வாங்கியது. "நவம்பருக்கு ஆண்டெனாக் கயிற்றை மாற்ற வேண்டும்" என்றார். மூன்றாம் நாள் செய்தி வந்தது. தூக்கிக்கொண்டு போகக்கூட நாங்கள் போகவில்லை. மறுநாள் காலை 40 மீட்டரில் நண்பர்கள் கூடினோம். ஒருவர் அவருடைய கால் சைனை மூன்று தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் பதிலுக்காகக் காத்திருந்தோம். வெறும் இரைச்சல். பிறகு ஒவ்வொருவராக மோர்ஸில் 73 அடித்தோம். எங்கள் பாஷையில் அதுதான் போய் வாருங்கள்.

காகு அவருடைய மோர்ஸ் பேடிலை என்னிடம் கொடுத்தார். அந்த நவம்பர் போட்டியில் அதை வைத்துத்தான் அடித்தேன். யாரோ ஒருவருடைய கால் சைனைத் தட்ட ஆரம்பித்தபோது, திரையோரத்தில் காகாவின் கால் சைனும் வந்து நின்றது. இவராக இருக்கலாம் என்று பெட்டி சொன்னது. ஒரு நிமிஷம் கை ஓடவில்லை.

அந்தப் பட்டியலை அவ்வப்போது புதுப்பிப்பார்கள். புதிய போட்டிகளில் கேட்காத கால் சைன்கள் சில வருஷத்தில் தானாக உதிர்ந்துவிடும். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் முதல் வேலையாகத் தேடிப் பார்ப்பேன், இருக்கும். ஒரு தடவை தேடினேன், இல்லை. அது சாதாரண எழுத்துக் கோப்புதான். திறந்து அவர் பெயரைக் கையால் சேர்க்க அரை நிமிஷம் போதும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

சேர்க்கவில்லை. கேட்காததை எழுதக்கூடாது.

பி.கு.: வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் இருந்தால், 'வெப் எஸ்.டி.ஆர்.' என்று தேடிப் பாருங்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிற ரேடியோவை உங்கள் கம்ப்யூட்டரிலேயே திருகிக் கேட்கலாம், காசு கிடையாது. நவம்பர் கடைசி சனி ஞாயிறில் கேட்டால் அலைவரிசை முழுக்க தவளைக் கச்சேரி மாதிரி மோர்ஸ் இருக்கும். அதில் மெலிதாகக் கேட்கும் ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.