மீனுக்கு ஏசி... எனக்கு ஃபேனு!

காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறி, "மாகறல் ஒண்ணு" என்று கேட்டால் கண்டக்டர் நம்மைப் பக்தர் என்றுதான் நினைப்பார். தப்பில்லை. தொண்டை நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் மாகறலும் ஒன்று. சம்பந்தர் பாடிய ஊர். பொன்னிற உடும்பு ஒன்றைச் சோழ ராஜா துரத்தி வந்தாராம். அது புற்றுக்குள் புகுந்துகொள்ள, அங்கே வெளிப்பட்ட சிவன் இன்றைக்கும் உடும்பு வால் மாதிரி மெலிந்த வடிவத்தில்தான் காட்சி தருகிறார். ஓரிக்கை தாண்டி, பாலாறு தாண்டி, வயல்களைப் பார்த்துக்கொண்டே போனால் செய்யாற்றங்கரையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது ஊர்.

நான் போனது உடும்புக்காக இல்லை. மீனுக்காக! செய்யாற்றுக் கெளுத்தி, கெண்டை என்று நினைத்துவிடாதீர்கள். கடல் மீன். அதுவும் உயிரோடு. கடல் அங்கிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். காகம்கூட யோசித்துத்தான் பறக்கும்.

விஷயம் இதுதான். வீட்டில் மீன் தொட்டி வைக்கிறவர்கள் இரண்டு ஜாதி. முதல் ஜாதி கொளத்தூர் போய் கப்பி, மோலி, கோல்ட் ஃபிஷ் என்று பாலிதீன் கவரில் வாங்கி வந்து சந்தோஷமாக இருப்பவர்கள். இரண்டாவது ஜாதி உப்புத் தண்ணீர்க்காரர்கள். பவளப்பாறைக் கடலின் ஒரு துண்டை ஹாலுக்குக் கொண்டுவரப் பார்ப்பவர்கள். இவர்கள் சந்தோஷமாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சதா தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சென்னைக்கு இந்த ஆசை புதிதும் இல்லை. மெரினாவில் 1909-லேயே கடல் மீன் காட்சிசாலை திறந்தார்கள். மியூசியம் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்குப் பாடுபட்டவர். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு ஆரஞ்சும் வெள்ளையுமான அந்தக் கோமாளி மீனைக் கேட்டு அழாத குழந்தை இல்லை. அப்பாக்களும்தான்.

ஆனால் சாமான் விலை! புதுசாக வாங்கினால் பி.எஃப். லோன் போட வேண்டும். ஆகவே சம்பளக்காரனுக்கு ஒரே வழி செகண்ட் ஹேண்ட். அதில் பாருங்கள், ஸ்கூட்டர் விற்கிறவர் "ஓடுற வண்டி சார்" என்பார். ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துவிடலாம். மீன் தொட்டியை எப்படி ரவுண்டு போவது?

மாகறலுக்கு முன்னால் நான் பார்த்த தொட்டிகள் மூன்று. ஒருவர் ஸ்விட்ச் போட்டதும் மோட்டார், பருத்திக் கொட்டை ஆட்டுகிற செக்கு மாதிரி முனகியது. இன்னொருவர் பழைய மெட்டல் ஹாலைடு விளக்கைத் தலையில் கட்டப் பார்த்தார். வெளிச்சம் பிரமாதம், ஆனால் கரண்ட் பில்லும் ஏறும், தண்ணீரும் கொதிக்கும். மூன்றாமவர் இருக்கிறாரே, அவர் செட்டோடு ஒரு கூடை வெள்ளைப் பவளக் கல்லும் "ஃப்ரீ சார், எடுத்துக்குங்க" என்றார். வந்த வழியே திரும்பிவிட்டேன். கல் பவளம் முழுவதையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. செத்துக் காய்ந்த துண்டானாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பாறை பாறையாக வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிய அநியாயத்துக்குப் பிறகு வந்த சட்டம். ஃப்ரீ என்றால் ஃபினாயிலையும் குடிக்கிற நம் ஆட்கள் இதில் மாட்டிக்கொள்வது சுலபம்.

மாகறல் அண்ணன் துபாயில் பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே ஒரு ஓட்டலில் பெரிய கடல் தொட்டிக்குக் குளிர்சாதனம் பராமரித்தபோது பிடித்த பைத்தியம், ஊர் திரும்பியும் விடவில்லை. ஓட்டு வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போனால், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு கடல்! நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். காளான் மாதிரி மென்பவளங்கள் விரிந்து அசைகின்றன. நடுவில் ஒரு ஜோடிக் கோமாளி மீன்.

"எதுக்குண்ணே விக்கிறீங்க?" என்றேன். இது முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

"முட்டி ஒத்துழைக்கல தம்பி. பக்கெட்டு தூக்க முடியல. பையன் ஓசூர்ல இருக்கான், தூக்குறதுக்கு ஆளு இல்ல."

நியாயமான பதில். கொண்டுபோன பழைய நியூஸ் பேப்பரைத் தொட்டிக்கு அடியில் நாலு மூலையிலும் சொருகினேன். கசிவு கண்ணுக்குத் தெரியாது, பேப்பரில் தெரியும். அண்ணன் சிரித்தார். "ரெண்டு நாளு கழிச்சு வந்து பாரு தம்பி. அவசரமே இல்ல." இப்படிச் சொல்கிற ஆளிடம் தைரியமாகப் பேச்சைத் தொடரலாம்.

தொட்டிக்குக் கீழே சம்ப். நம்மூரில் சம்ப் என்றால் வாசலில் புதைத்த தண்ணீர்த் தொட்டி. இவர்கள் அகராதியில் அது பெரிய தொட்டிக்குக் கீழே ஒளிந்திருக்கும் சின்னத் தொட்டி. எல்லா மெஷினும் அதற்குள்தான். முக்கியமானது ஸ்கிம்மர். கடற்கரையில் அலை மோதும் இடத்தில் அழுக்கு நுரை ஒதுங்குமே, அதே தத்துவம். பொடிப்பொடிக் குமிழிகளைத் தண்ணீருக்குள் செலுத்தினால் மீன் கழிவின் புரதம் அதில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, ஒரு கிண்ணத்தில் டிகாஷன் நிறத்தில் சேரும். மோந்து பார்க்க வேண்டாம், நான் பார்த்தேன்.

மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். உள்ளே சுழலும் காந்தத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வீங்கியோ வெடித்தோ துரு கசிந்தோ இருந்தால் வேண்டாம், துரு முழுக்கத் தண்ணீரில்தான் இறங்கும். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் பயமில்லை. வினிகர் பாதி தண்ணீர் பாதி கலந்து ஊறவைத்தால் விட்டுவிடும். அண்ணனுக்கு வினிகர் கட்டுப்படியாகவில்லையாம், மளிகைக் கடை லெமன் சால்ட்தான். "மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊறப் போட்டு பழைய டூத் பிரஷ்ல தேச்சா புதுசு" என்றார். புதுசாகத்தான் இருந்தது. விளக்கின் விசிறி இடுக்கில்கூட உப்புப் பூக்கவில்லை.

அடுத்து என் பயங்கரக் கேள்வி. "தொட்டியில செம்பு மருந்து எப்பவாவது போட்டீங்களாண்ணே?"

மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து கேட்கும். ஆனால் பவளம், இறால், நத்தைக்கு அது எமன். கல்லிலும் மணலிலும் ஊறிக்கொண்டு, அடுத்த ஓனர் காலத்தில் மெல்ல மெல்லக் கக்கும். நல்ல தொட்டி என்று வாங்கிப் போய் பவளம் ஏன் சாகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு.

அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏசி மெக்கானிக்குகிட்ட செம்பைப் பத்திக் கேக்குறியா? இங்க வா." கொல்லைப்புறத்தில் சில்லர். வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஹீட்டர் வாங்கச் சொல்கின்றன. காஞ்சிபுரம் ஜில்லா மே மாசத்தில் ஹீட்டரா? நமக்குத் தேவை தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின். இருபத்தாறு டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். முப்பதைத் தாண்டி நிலைத்துவிட்டால் பவளம் வெளுக்க ஆரம்பித்துவிடும். 1998-லும் 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே வெளுத்தது, தொட்டி எம்மாத்திரம்? பழைய ஏசியைப் பிரித்துச் செம்புச் சுருளைத் தண்ணீரில் விட்டு, சல்லிசாக சில்லர் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் செம்பு கரையும், கதை முடிந்தது. அண்ணனுடையது டைட்டானியம் சுருள். கழற்றியே காட்டினார்.

அப்போதுதான் அக்கா மோரோடு வந்து அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "பாத்தியா தம்பி, மீனுக்கு ஏசி... எனக்கு ஃபேனு! ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுன மனுஷன்."

அண்ணன் காது கேட்காத மாதிரி கம்ப்ரஸரைத் துடைத்தார்.

பிறகு ஒரு நீளமான கணக்கு நோட்டைக் கொண்டு வந்தார். 2013-லிருந்து தேதி வாரியாக வெப்பம், உப்பு, சுண்ணாம்புச் சத்து, எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் மாற்றினார், எந்த மோட்டாரைக் கழுவினார் எல்லாம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்ற கணக்கு முதல் பக்கத்தில். (சமையல் உப்பு இல்லை. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த தனி உப்பு. போர் தண்ணீரும் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான்.) ஆவியாகிப் போகிற அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாதே!

அதே பஸ் ரூட்டில் அடுத்த பெரிய ஊரான உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, குடவோலைத் தேர்தல், அதில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் உண்டு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம். மீன் தொட்டி விற்கிறவர்களுக்கும் இதைப் போட்டால் சந்தையில் பத்தில் எட்டுப் பேர் காணாமல் போவார்கள். பழைய சாமானில் நாம் காசு கொடுத்து வாங்குவது கண்ணாடியையும் மோட்டாரையும் இல்லை, விற்கிறவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பிரஷ் பிடித்தார் என்பதைத்தான்.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் கோணல் மாணலாக இருந்தது. 2016 டிசம்பர் 12. வர்தா புயல்.

"மூணு நாளு கரண்ட் இல்ல தம்பி. இன்வர்ட்டர் மொத ராத்திரியே படுத்துடுச்சு. தண்ணி ஓடலன்னா மீனுக்கு மூச்சு முட்டிடும். நானு, இவ, பையன் மூணு பேரும் முறை வச்சு மக்குல மொண்டு மொண்டு மேலேருந்து ஊத்துனோம். ராத்திரி ஒருத்தர், பகல்ல ஒருத்தர்."

நோட்டில் அந்த மூன்று நாளும் மணிக்கு மணி எழுதியிருந்தது. பாதி அக்கா கையெழுத்து.

பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சம்பளக்காரன், விடுவேனா? ஐம்பதாயிரம் சொன்னார், முப்பத்தெட்டு கேட்டேன், நாற்பத்திரண்டில் நின்றது. ஒரு நிபந்தனை. மீன் ஜோடிக்குக் காசு வேண்டாம், ஆனால் பிரிக்கக் கூடாது. பெரியது பெண், சிறியது ஆண். பிறக்கும்போது எல்லாம் ஆண்தானாம், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி ஆட்சிக்கு வந்துவிடும். "அதுல ஒண்ணும் ஆச்சரியமில்ல" என்றார் அண்ணன், அக்கா உள்ளே போன பிறகு. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனுக்குக் குஞ்சு பொரிக்கும் முறையைப் பழக்கிவிட்டதால், கடலில் பிடிக்காமலே பண்ணைக் குஞ்சு கிடைக்கிறது. இதுவும் அப்படி வந்ததுதான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் திடமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போனேன். நியூஸ் பேப்பர் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

ஏற்றுகிற வேலை இருக்கிறதே! தொட்டி 340 லிட்டர். 12 எம்.எம். கண்ணாடி மட்டுமே எண்பது கிலோ சொச்சம். குட்டி யானையும் நாலு ஆளும். பாதித் தண்ணீரை இருபது லிட்டர் கேன்களில் பிடித்தோம். அண்ணன் சிமெண்டும் கிளிஞ்சலும் கலந்து தானே வார்த்த கற்களை ஈரம் காயாமல் தண்ணீருக்குள்ளேயே போட்டோம். கழிவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. காய்ந்தால் செத்துவிடும், புதிதாக வளர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். மணலை மட்டும் கொல்லையில் கொட்டச் சொன்னார். பழைய மணலைக் கிளறினால் அழுகிய முட்டை வாசத்தில் விஷ வாயு கிளம்பும். மீனைக் கடைசியாகத்தான் பிடிக்க வேண்டும், மூடி போட்ட பக்கெட்டில், பேட்டரி ஏர் பம்ப்போடு. வெயில் சாய்ந்த பிறகு கிளம்பினோம். குரோம்பேட்டை வரை பக்கெட்டை மடியில் வைத்திருந்தேன்.

முதல் மூன்று நாள் பெரிய மீன் மூலையை விட்டு வரவில்லை. நாலாம் நாள் காலை தீனிக்கு மேலே வந்தது. நோட்டில் அண்ணன் விட்ட இடத்துக்குக் கீழே தேதி போட்டு எழுதினேன். உடனே போனும் பண்ணினேன். எடுத்தது அக்கா.

"சாப்புட்டுச்சா? அப்பாடா... நாலு நாளா இந்த மனுஷன் சரியா சாப்புடல."

"இப்ப உங்களுக்கு ஏசி மாட்டிடுவாருக்கா. சில்லர் கரண்ட்டு மிச்சம்தானே?"

"அட ஏன் தம்பி நீ வேற! அந்த இடத்துல புறாக் கூண்டு வெக்கப் போறாராம். இன்னிக்கு மரம் வாங்க காஞ்சிபுரம் போயிருக்காரு."