சிவப்புக் கோடு

"நிறத்தில் என்ன இருக்கிறது? குணந்தானே முக்கியம்!" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் வரையில்தான் அந்தப் பேச்சு நிற்கும் என்பதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

என் அக்கா ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடுதியில் தங்கி, இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி உழைத்து, என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறவள் அவள்தான். சென்ற ஆண்டு மாம்பழக் காலத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் பிள்ளையின் தாயார், "பெண் நல்ல பெண்தான், நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்றார். அன்றிரவு பாட்டி, "சின்னவளைப் போல இவளும் பிறந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டார். சின்னவள் என்பது நான். அந்தச் சொல் கேட்டு எனக்கு உள்ளூர மகிழ்ச்சி உண்டாயிற்று. அதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அடுத்த மாதமே அக்கா, விடுதித் தோழி ஒருத்தி சொன்னபடி, மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கினாள். மருத்துவர் சீட்டு எங்கே என்று கடையில் யாரும் கேட்கவில்லை. சில வாரங்களிலேயே முகம் வெளுத்தது. பாட்டி திருஷ்டி கழித்தார். நானும், "இப்போதுதான் அக்கா அழகாக இருக்கிறாய்" என்றேன்.

நான்காவது மாதம் கன்னங்கள் சிவந்தன. வெயில் பட்டால் எரிந்தது. முகமெங்கும் பருக்கள், மேலுதட்டில் மயிர் அரும்பிற்று. களிம்பை நிறுத்தினால் எரிச்சல் கூடிற்று, பூசினால் அடங்கிற்று. "இது இல்லாமல் என்னால் வேலைக்கே போக முடியவில்லை, பாப்பா" என்று அவள் அழுதாள்.

கிருஷ்ணகிரியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அந்த அம்மையார் களிம்புப் பெட்டியைத் திருப்பி, அதன் இடது ஓரத்தில் இருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். மருத்துவர் சீட்டு இன்றி வாங்கக் கூடாத மருந்து என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே இருந்தவை ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெட்டசோன் என்னும் மூன்று. 'மங்கு' என்னும் கருந்திட்டுக்கு மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் அளவறிந்து கொடுப்பது அது. மருந்து கெட்டதன்று, அதை முகப்பூச்சாக்கியதே கேடு. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. நாள்கணக்கின்றிப் பூசினால் தோல் மெலிந்து, அதற்கே அடிமையாகி விடும். ஹைட்ரோகுவினோனை நெடுங்காலம் பூசினால் வெளுப்பதற்கு மாறாக நீலங்கலந்த கருமை படியக்கூடும். ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளைச் சீட்டின்றி விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது.

பெயர்ச்சீட்டே இல்லாத டப்பாக்களில் இதனினும் கொடிய பாதரசம் இருப்பதுண்டு. அண்டை மாநிலமாகிய கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்! முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தொட்டு விட்டது.

அப்படியானால் பூசத்தக்கது எதுவுமே இல்லையா என்று நானும் கேட்டேன். நியாசினமைடு போன்ற மென்மையான பொருள்கள் திட்டுகளைச் சற்றே மங்கச் செய்யும். வெயில் காப்புக் களிம்பு புதிய கருமை படியாமல் தடுக்கும். ஆனால் பிறவி நிறத்தைத் தீங்கின்றி மாற்றும் களிம்பு இல்லை என்று மருத்துவர் திட்டமாகச் சொன்னார். மெலனின் என்பது வெயிலுக்கு எதிராக இறைவன் நம் தோலுக்குள் விரித்து வைத்த குடை என்று உயிரியல் வகுப்பில் சிஸ்டர் சொன்னது அப்போது என் நினைவுக்கு வந்தது. அந்தக் குடையைப் பிடுங்கி எறியத்தான் அக்கா மாதந்தோறும் சம்பளத்தில் பணம் ஒதுக்கியிருந்தாள்.

1975-இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறிற்று. கடையில் 'ஃபேர்' என்னும் சொல் மறைந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் மறையவில்லை.

அக்காவின் முகம் தெளிய எட்டு மாதங்கள் ஆயின. அவள் பழைய நிறத்துக்கே திரும்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், அன்று பாட்டி சொன்னபோது நான் மகிழ்ந்ததை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அப்போதே தெரியும், உன் முகத்தில் தெரிந்தது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக் கொண்டாள்.

அன்புத் தோழியரே, எதையும் முகத்தில் பூசுமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். பெயர்ச்சீட்டே இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். பெற்றோர்களே, பாட்டிமார்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அக்கா அந்தக் களிம்பை மருந்துக் கடையில் வாங்கினாள். அதற்கான காரணத்தை எங்கள் வீட்டில்தான் வாங்கினாள்.